நாவல் மரத்தோடு நின்ற எருமைத் தடம்

கடலோரக் காடு ஒன்றில் எட்டு எருமைகள் இருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, தங்களுக்கென்று ஒதுக்கிய தடத்தில் நாள் முழுக்க நடந்தன. குளத்திலிருந்து நாவல் மரம் வரை; மறுபடி குளம். முயல், அணில், ஆமை, யார் வேண்டுமானாலும் முதுகில் ஏறலாம். வேகம் குறைவுதான். ஆனால் நேரம் தவறாது.

நாவல் மரத்தைத் தாண்டினால் கொதிக்கும் மணல். அதற்கப்புறம் சவுக்குத் தோப்பு, கடற்கரை. அங்கே தில்லை என்ற கீரி நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. கடற்கரையில் ஊறுவதெல்லாம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குளத்துக்குத்தான் போகவேண்டும். போகிற வழியில் கடைக்குட்டி இரண்டு முறை சுருண்டு விழுந்துவிட்டது.

தோப்பு வழியாக நிழலான பாதை ஒன்றும் இருந்தது. அதை நரிகள் கழுதைமேல் ஏறி வந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு நரிக்கு ஒரு கழுதை!

தில்லை நேரே காட்டுச் சபைக்குப் போனது.

"எருமைத் தடத்தைக் கடற்கரை வரை நீட்டுங்கள்!"

சபை எழுத்தர் கொக்கு தொண்டையைச் செருமியது. "நேற்று முழுக்க நாவல் மரத்தடியில் நின்று எண்ணினேன், கீரியம்மா. கடற்கரையிலிருந்து எருமை ஏற வந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேருக்காகத் தடமா?"

"கால் வெந்து பாதியில் திரும்பினவர்களை எண்ணினீர்களா? பறந்து போகிறவருக்கு மணல் சூடு எப்படித் தெரியும்!"

சபையிலிருந்த நரி ஒன்று சிரித்தது. "எதற்கு எருமை? கழுதைப் பாதையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கலாமே!"

"இரண்டு தடவை அகலமாக்கியாயிற்று. என்ன ஆச்சு? இருபது கழுதை நாற்பது ஆச்சு! நீ இன்னும் அதே வளைவில் நின்றுதான் கத்திக்கொண்டிருக்கிறாய்."

தலைவர் கரடி கொட்டாவி விட்டது. "சரி, சரி. அடுத்த சபையில் பேசலாம்."

"பேசலாம், தலைவரே. ஆனால் அடுத்த சபை எங்கள் கடற்கரையில்! வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள்."

"அதற்கென்ன, பக்கத்தில்தானே!" என்றது கரடி.

அந்தப் ‘பக்கம்’ எவ்வளவு தூரம் என்று அடுத்த வாரம் தெரிந்தது. சபையார் ஆளுக்கொரு கழுதையில் கிளம்பினார்கள். தோப்பு வளைவில் எல்லாம் சிக்கிக்கொண்டது. "முன்னால் போ!" "எங்கே போவது, உன் தலைமேலா?" "உன் கழுதையின் வாலை என் மூக்கிலிருந்து எடு!"

கொக்கு மட்டும் பறந்து வந்து இறங்கியது.

தில்லை கேட்டது: "எண்ணுங்கள், ஐயா. சபைக்கு வந்தவர்கள் எத்தனை?"

"ஒன்று... நான்தான்."

"அப்படியானால் இந்தச் சபை யாருக்கும் வேண்டாம் என்று எழுதிக்கொள்ளலாமா?"

"அதெப்படி! எல்லோரும் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா!"

"இதைத்தானே அன்றைக்கு நான் தொண்டை கிழியச் சொன்னேன்!"

கொக்கு கழுத்தை நீட்டி வழியை எட்டிப் பார்த்தது.

வெயில் சாய்ந்தபிறகு கரடி வந்து சேர்ந்தது, கழுதையை விட்டுவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டு. "தண்ணீர்!"

கடைக்குட்டி ஒரு சிப்பியில் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு வாய் குடித்ததும் கரடி துப்பியது. "ஐயோ, உப்பு!"

"நாங்கள் குளத்துக்கு வர முடியாத நாளெல்லாம் இதைத்தான் குடிக்கிறோம், மாமா" என்றது குட்டி.

கரடி சிப்பியைக் கீழே வைத்தது. பிறகு, "தடத்தை நீட்டிவிடலாம்" என்றது.

"எப்போது?"

"கூடிய சீக்கிரம்..."

"அப்படி ஒரு கிழமை கிடையாது, தலைவரே. நாள் சொல்லுங்கள்!"

"பௌர்ணமிக்குள்!"

"கழுதை நுழையாத தனித் தடமா?"

"தனித் தடம்தான், தாயே! நான் இப்போது எப்படித் திரும்புவது?"

"நாவல் மரம் வரை நடங்கள். எங்களைப் போல!"

பௌர்ணமியன்று காலையில் எட்டு எருமைகளும் கடற்கரைக்கு வந்தன. முதல் எருமையின் கழுத்தில் கடைக்குட்டி ஏறி உட்கார்ந்தது. நண்டு, உடும்பு, முள்ளெலி என்று தோப்பே திரண்டு வந்தது. கொக்கு எண்ணி எண்ணிக் களைத்து, "இடமே இல்லை! இன்னும் நான்கு எருமை வேண்டும்!" என்று கூவியது. வரிசையின் கடைசியில், கழுதையைச் சவுக்கு மரத்தில் கட்டிவிட்டு, நரியும் நின்றது.

வழியே இல்லாத இடத்தில் வருகிறவர்களை எண்ணி முடிவு கட்டாதீர்கள். முதலில் வழியைப் போடுங்கள், பிறகு எண்ணுங்கள்.