தொண்டைக்குப் பின்னால் நிற்பவர்

தைராய்டு புற்றுநோய்க்காகப் பேச்சிக்கனியின் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தவள் ஹெப்சிபா. அந்த நோய் வழக்கமாகப் பரவும் நெறிக்கட்டிகளைக் கழுத்தின் முன்னும் பக்கமும் ஒன்று விடாமல் எடுத்திருந்தாள். தழும்புகூட அழகாக ஆறியிருந்தது.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு மாதாமாதம் ஏறியது. கழுத்தை ஸ்கேன் பண்ணினால் ஒன்றுமில்லை.

பூட்டிய வீட்டுக்குள் பாத்திரம் உருளுகிற மாதிரி இருந்தது ஹெப்சிபாவுக்கு.

தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டாக்டர் பகீரதியிடம் பேச்சிக்கனியைக் கூட்டிப் போனாள்.

"என்ன செய்யுது தாயி?" என்றார் பகீரதி.

"தொண்டைக்குப் பின்னால ஆரோ நிக்காவ, டாக்டரம்மா. நான் எச்சி முழுங்குனா அவியளும் முழுங்குதாவ."

"முன்னாடியே சொன்னாங்க மேடம்," என்றாள் ஹெப்சிபா. "தழும்பு இழுக்கும், பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"செத்துப்போன எங்க மாமியான்னுல்லா நெனச்சேன்," என்றாள் பேச்சிக்கனி. "ஆனா அவ இம்புட்டு நாளு பேசாம நிக்க மாட்டாளே."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். பகீரதி சிரிக்கவில்லை. எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

"முழுங்குங்க."

பேச்சிக்கனி விழுங்கினாள். அறையில் சத்தமே இல்லை.

"இப்ப?"

"இந்தா... முழுங்கிட்டாவ."

பகீரதி டார்ச்சை ஹெப்சிபாவிடம் நீட்டினார். "கழுத்தை விடு. வாய்க்குள்ள பாரு."

உள்நாக்குக்கு அப்பால், தொண்டையின் பின்சுவர் இடப்பக்கம் மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு முன்னே தள்ளி நின்றது. பக்கத்து ரத்தக்குழாய் துடிக்கத் துடிக்க, ஈரத் தோலுக்கு அடியில் அது மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவது போல.

ஹெப்சிபா டார்ச்சை அணைத்தாள்.

பேச்சிக்கனி வாயை ஒருமுறை மூடித் திறந்து கேட்டாள்: "இருக்காவளா?"

"இருக்காங்க," என்றார் பகீரதி. "நீங்க சொன்ன இடத்துலயேதான். இனி வெளியேத்துற வேலையைப் பார்ப்போம். கொஞ்சம் வெளியே உட்காருங்க, தாயி."

கதவு சாத்தியதும் ஹெப்சிபா மெதுவாகக் கேட்டாள்.

"அது வழக்கமா அந்தப் பக்கம் போகாதே மேடம். முன்னால இருந்ததையெல்லாம் நான் எடுத்துட்டேனே. பின்னால போக யாரு வழி காட்டுனா?"

பகீரதி ஃபேனைப் போட்டார்.

"நீ வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கே. நெறிக்கட்டியெல்லாம் எடுத்ததுல முன்பக்கத்து வழி முழுசா அடைச்சாச்சு. உள்ள மிச்சம் இருந்தது வேற எங்கேம்மா போகும்?"