வரிசையே இல்லாத ஊர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கை நாட்டைச் சித்திரமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் மனசில் பட்டது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிட வேண்டும் அவனுக்கு.

ஒருநாள் யானைமேல் நகர்வலம் போனவன் தர்ம வைத்தியசாலை வாசலில் நின்றுவிட்டான். அவன் அப்பா கட்டியது அது. வைத்தியம், மருந்து, நோயாளிக்குக் கஞ்சி எல்லாமே அரண்மனைச் செலவு. வாசலில் தொடங்கிய வரிசை தெருவைத் தாண்டி, குளத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

சபைக்குத் திரும்பியதும் கேட்டான்: "அப்பா காலத்தில் வரிசை வாசலோடு முடிந்துவிடும். இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தும் கூட்டம் குறையாமல் கூடுகிறதே, அது எப்படி?"

மந்திரி நம்பிக்கூத்தன் வாயைத் திறப்பதற்குள் குதிரைப்படைத் தலைவர் கச்சிராயர் எழுந்துவிட்டார். மந்திரிக்கு ராஜா கொடுக்கும் மரியாதையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர். வைத்தியசாலையை இடித்துவிட்டு அங்கே லாயம் கட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை வேறு.

"பிரபு, சும்மா கிடைக்கிறது என்றால் இல்லாத வியாதியெல்லாம் வரும். எங்கள் மருதூரில் வைத்தியசாலையே கிடையாது. அதனால் வரிசையும் கிடையாது. நோயாளி என்று ஒரு ஆள் கிடையாது!"

ராஜாவின் கண்கள் விரிந்தன. "அட! அப்படியானால் வைத்தியசாலைதான் நோயை உண்டாக்குகிறதா? வருகிற பௌர்ணமியோடு அதை மூடிவிடுங்கள்."

நம்பிக்கூத்தன் யோசித்தான். ராஜா கேட்டது நல்ல கேள்வி, கிடைத்த பதில்தான் கோணல். ஆனால் நேருக்கு நேர் மறுத்தால் பௌர்ணமிவரைகூடப் பொறுக்க மாட்டானே!

"அதிசயமான ஊராக இருக்கிறதே பிரபு! மூடுவதற்கு முன்னால் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றான்.

"நாளைக்கே போகலாம்!" என்றான் ராஜா.

ஆற்றைக் கடந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மருதூர் ஜொலித்தது. கச்சிராயர் முன்கூட்டியே ஆளனுப்பி எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் கட்டுமஸ்தான ஆட்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இருமல் சத்தம்கூட இல்லை.

"பார்த்தாயா மந்திரி?" என்றான் ராஜா குதூகலமாக.

"பார்த்தேன் பிரபு. இவர்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்ல அனுமதி வேண்டும்." ராஜா தலையசைத்ததும், நம்பிக்கூத்தன் பின்னால் வந்த மூடுபல்லக்கைக் காட்டி உரக்கச் சொன்னான். "ஜனங்களே! தர்ம வைத்தியசாலை வைத்தியர் தாமோதரர் வந்திருக்கிறார். ராஜா பக்கத்திலேயே நிற்கிறார். உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது."

வைத்தியர் இறங்கி, புளியமரத்தடியில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார்.

யாரும் அசையவில்லை. எல்லார் பார்வையும் கச்சிராயர் மேலேயே இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். 'தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ' என்று நம்பிக்கூத்தனுக்குத் தோன்றியது.

அப்போது ஒரு வீட்டுக் கதவு திறந்தது. இடுப்பில் துவண்டு கிடந்த பிள்ளையோடு ஒருத்தி வெளியே வந்து, நேரே கச்சிராயர் முன்னால் நின்றாள்.

"வெளிய தலகாட்டக் கூடாதுன்னு சொல்லியனுப்பினீங்க ஐயா. நான் கேட்டுக்கிட்டேன். இவனுக்கு வந்த காய்ச்சல் கேக்க மாட்டேங்குதே!"

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு நின்ற ஆட்களெல்லாம் வீட்டுக்குள் ஓடினார்கள். திரும்பும்போது ஒருவன் அம்மாவை முதுகில் சுமந்து வந்தான். இன்னொருவன் அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்தான். மரத்தடியில் தொடங்கிய வரிசை தெருக்கோடி தாண்டி வயல் வரப்பில் இறங்கியது.

ராஜா வாய்பிளந்து பார்த்தான். "இத்தனை பேரும் எங்கேயய்யா இருந்தார்கள்?"

"கதவுக்குப் பின்னால் பிரபு. வைத்தியசாலை இருக்கும் ஊரில் நோய் தெருவில் வந்து நிற்கிறது. இல்லாத ஊரில் வீட்டுக்குள் படுத்துக் கிடக்கிறது."

அதற்குள் கனமான சரிகைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் கச்சிராயரோட அத்தை. நான் ஏன் நிக்கணும்? டேய் ராயா, பட்டணத்து வைத்தியசாலைக்குப் போனமாதம் கொல்லைவாசல் வழியா என்னை நேரா கூட்டிட்டுப் போனியே, இங்க கொல்லைவாசல் எங்கடா?"

கச்சிராயர் தலை தொங்கிவிட்டது. ராஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது.

"மந்திரி, தாமோதரர் இங்கே இருக்கிறாரே. இப்போது அங்கே யார் பார்க்கிறார்கள்?"

நம்பிக்கூத்தன் குரல் தாழ்ந்தது. "யாருமில்லை பிரபு. உங்கள் அப்பா காலத்திலிருந்து அங்கே ஒரே வைத்தியர்தான். காலையில் கிளம்பும்போது அந்த வரிசையைப் பார்த்தேன். இன்றைக்கு அவர்களைக் காக்க வைத்தது நான்தான். வைத்தியசாலை நல்லதுதான். ஆனால் மத்தியானத்துக்குள் கஷாயம் தீர்ந்துவிடும். கூலியை விட்டுவிட்டு வந்தவன் வெறுங்கையோடு போவான். அரண்மனைச் சிபாரிசு உள்ளவன் கொல்லைவாசல் வழியாகப் போவான்."

"இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?"

"வைத்தியசாலையில் குறை உண்டு என்றால் சரிசெய்வீர்களா, மூடிவிடுவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை பிரபு."

ராஜா அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட வந்தான். நம்பிக்கூத்தன் கைகூப்பி, "மாலை வேண்டாம், வைத்தியர்கள் வேண்டும்" என்றான்.

"இரண்டும் உண்டு!" என்று மாலையைப் போட்டுவிட்டே உத்தரவிட்டான் ராஜா. பட்டணத்துக்கு மூன்று வைத்தியர்கள். மருதூருக்குப் புது வைத்தியசாலை, அதுவும் கச்சிராயர் மாளிகையிலேயே. கொல்லைவாசலுக்குச் சுவர். "கச்சிராயரே, குதிரைகளை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். இனி உமக்கு இங்கே வாசல் காவல். வந்தவர்களை வந்த வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும்."

வைத்தியசாலை திறந்த முதல் நாளே அத்தை சரிகைச் சேலையோடு வந்து நின்றாள்.

"ராயா, வழி விடுடா."

கச்சிராயர் வரிசையின் முன்பக்கம் பார்த்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில போய் நில்லுங்க அத்தை," என்றார். "உக்கார மணை கொண்டுவந்து போடறேன்."