சணப்பு விதையும் செண்டுமல்லி நாற்றும்

ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, கிணற்றுப் பாசனமுள்ள ஒரு ஏக்கர் தோட்டத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. இராசலிங்கம் நூற்பாலை வேலைக்குப் போவான். அவன் மனைவி பவளம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வாள். மகள் யாழினி மதுரையில் நர்சிங் படித்தாள். மில் சம்பளம் படிப்புக்கு, தோட்டத்து வருமானம் வீட்டுக்கு. அதனால் மண்ணைச் சும்மா விட்டதே இல்லை. தக்காளி பிடுங்கிய ஈரத்திலேயே வெங்காயம்; வெங்காயம் எடுத்த வாரத்திலேயே பீன்ஸ். செவ்வாய்க்கிழமை மில் விடுமுறை. அன்று அவன் உழுவான்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. இந்த ஆண்டு தக்காளிச் செடி முழங்காலைத் தாண்டவில்லை. வந்து பார்த்த வேளாண் அலுவலர், "ஒரு போகம் பசுந்தாள் உரமா சணப்பு விதைச்சு, பூ எடுக்கையில மடக்கி உழுதுருங்க. மண்ணு தேறிரும். இப்ப முடியலேன்னா அடுத்த போகமாவது செய்யுங்க," என்றார்.

அதே மாதம் இராசலிங்கத்தின் இருமல் நிற்கவில்லை. பவளம் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருப்பதாகச் சொன்ன டாக்டர், "நாளைக்கே லீவு போடுங்க. மூணு மாசம் மில்லுப் பக்கமே போகக் கூடாது," என்றார். மறுநாள் அவன் வேலைக்குப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, சணப்பு விதை மூட்டையோடு தோட்டத்துக்கு வந்தான். அங்கே பவளம் செண்டுமல்லி நாற்றுகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது?"

"பூ நடப் போறேன். ரெண்டு மாசத்துல பறிப்பு வந்துரும். லீவுக்கு ஈ.எஸ்.ஐ.ல குடுக்குற பணமும் இதும் போதும். நீங்க லீவு போடுங்க."

"நாளையில இருந்து டபுள் ஷிப்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன். சணப்ப வெதச்சுட்டா தோட்டத்துல ஒரு போகத்துக்கு வேலையே இல்ல. உனக்கும் கொஞ்சம் இடுப்பு நிமிரும்ல."

"நான் கேட்டனா?"

"நீ கேக்க மாட்ட."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இருப்பது ஒரே ஏக்கர். அதில் அன்று இறங்க வேண்டியது விதையா, நாற்றா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பவளம் செய்ததுதான் சரி. மண்ணுக்கு அடுத்த போகம் வரை தவணை இருந்தது; நெஞ்சுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஆனால் இராசலிங்கம் சொன்னதிலும் ஒன்று நியாயம், அவள் இடுப்பு. அதனால் நடவுக்கு இரண்டு ஆள் வைத்தார்கள். மறுநாள் அவன் லீவு எழுதிக் கொடுத்தான். செண்டுமல்லி பறிப்புக்கு வந்தபோது இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது. மில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலைநாளில், இருவரும் ஒரே வரிசையில் நின்று பேசிக்கொண்டே பூப் பறித்தார்கள்.