எஞ்சின் ரூம் வாசல் வரை

“வர்றாங்க, ஒரு நிமிஷம்கூட நிக்காம போயிடுறாங்க, மேடம்,” என்று ரெஜினாவிடம் குறைப்பட்டுக்கொண்டார் வேதமூர்த்தி.

தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதோடு போனவர்களில் ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை. வீட்டார் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. அவர்களுக்காகத்தான் வேதமூர்த்தி அந்த இணையதளத்தைக் கட்டினார்.

விரலால் தொட்டால் போதும், கப்பல் கண்முன் வந்து நிற்கும். திருப்பிப் பார்க்கலாம், கதவுகளைத் திறக்கலாம். கல்யாண மண்டபம்போல விளக்கும் போட்டிருந்தார்.

ரெஜினா, கடலடிக்கு இயந்திரத்தை இறக்கி ஓட்டுகிறவர். அவரிடம் பாடம் கேட்க வந்த சீடர் வேதமூர்த்திக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆழம் தெரிந்தவர்தானே குரு, வயதை யார் கேட்டார்கள்?

“நாளைக்கு எங்ககூட கடலுக்கு வாங்க, சார்.”

மறுநாள் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, இயந்திரத்தைத் தண்ணீரில் இறக்கினார்.

நீலம். பிறகு மங்கல். பிறகு கருப்பு.

மாவு சலித்த மாதிரி வெள்ளைத் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“இறங்கிக்கிட்டிருக்கோம்.”

வேதமூர்த்தி கொஞ்சம் பேசினார். பேச்சு தீர்ந்துபோனது. செத்துப்போன அப்பாவின் முகம் வந்துபோனது. கண் அசந்தார். விழித்தபோதும் அதே கருப்பு.

அப்புறம், இயந்திரத்தின் வெளிச்சத்துக்குள் கப்பலின் துருப்பிடித்த ஒரு கைப்பிடிக் கம்பி வந்தது.

வேதமூர்த்திக்கு அழுகை முட்டியது.

“இதை முன்னாடி பாத்திருக்கீங்களா, சார்?”

“நான்தான் வரைஞ்சேன், மேடம்.”



கரைக்கு வந்ததும் வேதமூர்த்தி தளத்தின் விளக்குகளை அணைத்தார். ஒரே தொடுதலில் கப்பலுக்குப் போகும் குறுக்குவழியையும் எடுத்துவிட்டார். இனி விரலால் இழுத்து இழுத்து, இயந்திரம் இறங்கிய நேரம் முழுக்க இறங்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் பாதியில் கழன்றுகொண்டார்கள்.

“இப்ப நிலைமை இன்னும் மோசம், மேடம். அடிவரைக்கும் ஒருத்தர்கூடப் போகல.”

ரெஜினா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சகாயசெல்வி. அந்தக் கப்பலின் எஞ்சின் டிரைவருடைய மனைவி.

“வந்துட்டேன் தம்பி. எஞ்சின் ரூம் வாசல்ல நிக்கேன்.” தூக்கத்தில் பேசுகிறவர் குரல்போல இருந்தது. “காலைல இறங்க ஆரம்பிச்சது.”

வேதமூர்த்தி பூரித்துப்போனார்.

“எப்படி மேல வாரது, தம்பி?”

அதை அவர் யோசிக்கவே இல்லை. இறங்க மட்டும்தான் வழி வைத்திருந்தார்.

“மூலைல பெருக்கல் குறி இருக்கும்க்கா. அதைத் தொட்டா மூடிக்கும்.”

சகாயசெல்வி கேட்டார்.

“அவுகள விட்டுட்டு, அப்படிப் பொசுக்குன்னு வாரதா?”

வேதமூர்த்தி குருவைப் பார்த்தார். குரு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அக்கா, கொஞ்ச நேரம் அங்கயே இருங்க. வழி போட்டுத் தர்றேன்.”

“அவசரமில்ல தம்பி. அவுக கூடத்தான இருக்கேன்.”

வேதமூர்த்தி தளத்தைத் திறந்தார். கருப்புக்கு மேலே மங்கலை வைத்தார். மங்கலுக்கு மேலே நீலம். காத்திருக்கும் மனுஷியை இன்னும் காக்கவைக்கக் கூடாது என்று, ஏறும் வழியை மட்டும் வேகமாக வைத்தார்.

“இப்ப மேல தள்ளுங்கக்கா. ஏறுதா?”

“ஏறுது. கதவு போயிட்டு. அந்தக் கம்பியும் மறையுது.”

குரல் உடைந்தது.

“கொஞ்சம் மெதுவா இழுங்க, தம்பி.”