புகைச் சபதமும் ஏகாதசிச் சாப்பாடும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு பெயரை நான் சொல்லித் தொலைக்க, அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்து நிற்பார்கள். அவர் ஊரில் அடுப்பு எரிக்கக் கரி வேண்டுமென்றால் அரண்மனைக் கரிச்சூளைக்குத்தான் போக வேண்டும். விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி ஊருக்கெல்லாம் கொடுப்பது சூளையின் வேலை. அதற்கு அதிகாரி மங்கபதி ராயர். கரி ஊருக்குள் போகும், புகை தெற்குத் தெருவுக்குப் போகும்.

அந்தத் தெற்குத் தெருவில்தான் அரசவை விகடன் கொழுந்தப்பன் குடியிருந்தான். அவன் மனைவி வடிவுக்கு இளைப்பு. மூச்சு விடுவதற்குள் படாத பாடு படுவாள். ஒன்று புகை போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த அம்மாள் ஊரைவிட்டுப் போக வேண்டும், இனி மருந்து கேட்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். வடிவு சரியான பிடிவாதக்காரி. “நான் பிறந்த ஊரைவிட்டு நான் ஏன் போகணும்? புகை போகட்டும்” என்று சொல்லிவிட்டாள். ராஜாவையே சிரிக்க வைக்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது. அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டாலே செம்பில் தண்ணீரோடு ஓடிவந்து நிற்பான்.

ஒரு நாள் ராஜா மேல்மாடத்துக்குப் போனார். புதிதாக வெள்ளையடித்த சுவரெல்லாம் கரி. வந்ததே கோபம்! இந்தப் புகை இருக்கக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டு ராயரைக் கூப்பிட்டார். ஆள் தொலைந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராயரா தொலைவார்? சபை நடுவே வந்து கும்பிட்டு நின்றார்.

“மகாராஜா, தங்கள் பேரப்பிள்ளை முடிசூடும் நாளில் சூளையிலிருந்து ஓர் இழைப் புகைகூட எழாது. இது அடியேனின் சபதம்.”

ராஜாவின் மகனோ அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தான். அதுவரைக்கும் என்ன வழி என்று ராஜா கேட்டார். அதற்கும் ராயர் பதில் வைத்திருந்தார். எல்லைமலைக் காட்டில் மரம் வெட்ட வேண்டாம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லியாயிற்றாம். அந்தக் காட்டில் எரியாத விறகு நம் சூளையில் எரிகிற விறகுக்கு ஈடாகிவிடுமாம். அந்தக் காட்டுக்குப் போக வழியே கிடையாது, யாரும் அங்கே மரம் வெட்டியதும் கிடையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அப்புறம், வீட்டுக்கு வீடு கரி எரிவதால் வருகிற புகை அவரவர் அடுப்பின் பாடு, சூளைக்கு அதில் சம்பந்தமில்லை என்றும் விளக்கினார்.

ராஜாவுக்குப் பாதி புரிந்தது, முழுசாகப் பிடித்துப்போயிற்று. அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபதம் செய்த அன்றே மரியாதை செய்துவிடுவார்கள். நிறைவேற்றிய அன்று செய்யலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. முரசு கொட்டி, ராயருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். கொழுந்தப்பன் எழுந்து, நேற்றைவிட இன்றைக்குப் புகை குறைந்திருக்கிறதா என்று கேட்டான். சபதத்தை மதிக்கத் தெரியாதவன் என்று ராயரும் அவர் கூட்டமும் அவன்மேல் பாய்ந்தார்கள். ராஜாவும், சிரிக்க வைப்பதோடு நிறுத்திக்கொள் என்றுவிட்டார். அவமானத்தோடு வீட்டுக்குப் போனான். அவனுக்கு முன்னாலேயே புகை போய்ச் சேர்ந்திருந்தது.

ஏகாதசி வந்தது. ராஜா அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். சபையில் இருக்கிறவன் அன்றைக்குச் சாப்பிட்டால் நாடு கடத்தல்தான். அப்படிப்பட்ட நாளில், உச்சி வெயிலில், அரண்மனை வாசலுக்கு நேரே கொழுந்தப்பன் தலைவாழை இலை போட்டு உட்கார்ந்துவிட்டான். சுடுசோறு, வத்தக்குழம்பு, அப்பளம். அவனுக்கு ஒன்றும் பித்துப் பிடிக்கவில்லை. ராஜாவுக்குப் புரிந்தால் புகை போகும். புரியாவிட்டால் நாடு கடத்துவார், வடிவு திட்டிக்கொண்டே பின்னால் வருவாள், எப்படியும் அவளுக்கு மூச்சு கிடைக்கும். அந்தத் துணிச்சலில்தான் குழம்பைப் பிசைந்தான்.

ராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் ராஜாவையும் சபையையும் வாசலுக்கே அழைத்து வந்துவிட்டார்.

“கொழுந்தப்பா, இன்று ஏகாதசி என்பதை மறந்தாயோ?”

“மறக்கவில்லை மகாராஜா. அடியேன் விரதத்தில்தான் இருக்கிறேன்” என்று அவன் அப்பளத்தை நொறுக்கினான்.

வாயில் சோறு இருக்கிறதே என்றார் ராஜா.

“என் பேரனுக்குக் கல்யாணம் நடக்கும் வருஷம் முதல் ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று காலையில் சபதம் செய்திருக்கிறேன். பிள்ளை இனிமேல்தான் பிறக்க வேண்டும். அதுவரைக்கும் ஈடுகட்ட, வடக்குத் தெரு சிதம்பரநாதரிடம் பேசிவிட்டேன். அவருக்கு வயிற்றுப்போக்கு, எப்படியும் இன்று சாப்பிடப்போவதில்லை. அவர் பட்டினி எனக்கு ஈடு. மேலும், என் கை சோற்றை வாய்வரைக்கும் கொண்டுபோவதோடு சரி. பிறகு நடப்பது வாயின் பாடு, கைக்குச் சம்பந்தமில்லை.”

ராயர் கொதித்துப் போனார். “மகாராஜா, இது சுத்தப் பித்தலாட்டம். யாரோ பட்டினி கிடந்தால் இவன் தின்றது இல்லையென்று ஆகுமா? என்றைக்கோ இருக்கப்போகும் விரதம் இன்றைய விரதமாகுமா? கை கொடுக்காமல் வாய் எப்படித் தின்னும்?”

கொழுந்தப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து கும்பிட்டான். “ராயர் சொன்ன அத்தனையும் நியாயம் மகாராஜா. சோற்றுக்குப் பதிலாகப் புகையை வைத்து அதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.”

ராஜா சூளைப் பக்கம் பார்த்தார், ராயரைப் பார்த்தார், இலையில் கிடந்த அப்பளத் துண்டைப் பார்த்தார். வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். நாடு கடத்தல் கிடையாது என்றார். சூளையில் பாதி மூட்டத்தை இப்போதே அணைக்க வேண்டும், புகை முழுதும் நிற்கிறவரை ராயர் தெற்குத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

ராயர் முனகினார்: பாதியை அணைத்தால் மகாராஜா குளிக்கிற வெந்நீருக்குக் கரி இருக்காதாம், சூளைக் கரியில் பாதி அந்த வெந்நீர்க் கொப்பரைகளுக்குத்தான் போகிறதாம். ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவருக்கு வெந்நீர் என்றால் உயிர்.

பேச்சை மாற்றி, என்ன பரிசு வேண்டும் என்று கொழுந்தப்பனைக் கேட்டார்.

“தாங்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும் மகாராஜா. நாளைக் காலையிலேயே.”

“சாப்பிட்டது நீ, நடுங்குவது நானா?” என்று ராஜா மறுபடியும் சிரித்தார். ராயர் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவரே கொழுந்தப்பனுக்குப் போர்த்திவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அரண்மனையிலிருந்து ஓர் அலறல் தெற்குத் தெருவரைக்கும் கேட்டது. வடிவு திடுக்கிட்டு எழுந்து, யாரை அடிக்கிறார்கள் என்று கேட்டாள். யாரையும் அடிக்கவில்லை, மகாராஜா குளிக்கிறார் என்றான் கொழுந்தப்பன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். இருமல் வரப்போகிறது என்று அவன் பயந்து செம்பில் தண்ணீரோடு நின்றான். அவள் சிரித்து முடித்தாள், இருமல் வரவில்லை.