மூன்று ஊருக்கும் ஒரே சொல்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே. குன்றும் ஏரியுமே நாட்டுக்கு எல்லையாக இருந்த காலத்தில் வேண்மாள் என்றோர் அரசி ஆண்டாள். அவள் நாட்டில் ஒரு பேரேரி. அதை நம்பி மூன்று ஊர்கள். ஆற்று நீர்வரத்தைப் பார்ப்பது மேலூர். மதகைக் காப்பது நடுவூர். ஏரிக்குக் கீழே வயல் உழுவது கீழூர்.

ஓர் ஐப்பசியில் ஆறு பெருகி வந்தது. மேலூரார் கரைமேல் நின்று, "மதகை விடு, மதகை விடு" என்று கூவினார்கள். நடுவூர் மதகுக் காவலன் பொறையன் அதைக் கேட்டான். மதகுக் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

ஏரி நிரம்பிக் கரை உடைந்தது. கீழூரில் பயிர் போயிற்று, மாடு போயிற்று, மனிதரும் போனார்கள்.

"பொறையனை நாடு கடத்துங்கள்" என்றார்கள் எல்லோரும்.

அரசி அவனை அழைத்தாள். "கூவியது காதில் விழவில்லையா?"

"விழுந்தது தாயே. எங்கள் ஊரில் விடு என்றால், தொடாமல் அப்படியே விடு என்று பொருள்."

"எங்கள் ஊரில் தண்ணீரைத் திறந்துவிடு என்று பொருள்" என்றார் மேலூர்த் தலைவர். சொல்லிவிட்டுத் தலைகுனிந்தார்.

அரசி சொன்னாள்: "கரைக்கு முன்னே சொல் உடைந்திருக்கிறது. வீட்டில் அவரவர் பேச்சைப் பேசுங்கள். ஏரிக்கரையில் ஒரே பேச்சு. ஊருக்கு ஒரு சொல் தாருங்கள்."

மேலூர் 'திற' என்றது. நடுவூர் 'அடை' என்றது. கீழூருக்காக, வெள்ளத்தில் கணவனைப் பறிகொடுத்த நங்கை என்பவள் எழுந்தாள்.

"மதகு திறந்தால் நாங்கள் என்ன செய்வது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் சொல், 'மேடேறு'."

கோடை முழுவதும் மூன்று ஊராரும் அந்த மூன்று சொற்களைக் கூவிப் பழகினார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஆறு முன்னைவிடப் பொங்கி வந்தது. மேலூர், "மேடேறு" என்றது. நங்கை முன்னே நடக்க, கீழூர் முழுவதும் குன்றில் ஏறிற்று. "திற" என்ற குரல் வந்ததும் பொறையன் கதவைத் தூக்கினான். நீர் வடிந்து, "அடை" என்றபோது இறக்கினான். கரை நின்றது. ஓர் உயிரும் போகவில்லை.

அதன்பின் எந்த ஊர் என்று யார் கேட்டாலும், மூன்று ஊராரும் நிமிர்ந்து நின்று, "நாங்கள் ஏரிக்காரர்" என்றே சொன்னார்கள்.

ஆபத்தில் கைகோக்க வேண்டியவர்கள், ஆபத்து வருமுன்பே ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் வைத்துக்கொள்ள வேண்டும்.