மூணாவது நட்சத்திரம்

ஒரு ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தா, பேரு அக்சாள். வேதாகமக் காலம். ஊரைச் சுத்திப் பெரிய மதில், ஒரே ஒரு வாசல். ம் கொட்டுடி, இல்லன்னா பெரியம்மா நிறுத்திடுவேன்.

"ம்..."

அங்க கடிகாரம் ஏது? விடிஞ்சதுல இருந்து நிழலைப் பாத்துத்தான் மணி சொல்லுவாங்க. நமக்கு மத்தியானம் மூணுன்னா, அவங்களுக்கு ஒன்பதாம் மணி. அப்புறம் பொழுது சாஞ்சு மூணு நட்சத்திரம் தெரிஞ்சா, அப்பவே அடுத்த நாள் பொறந்துடும். ராத்திரிதான் முதல்ல, பகல் பின்னாடி. வாரத்துல ஏழாவது நாள், யாரும் வேலை செய்யாத ஓய்வுநாள் பொறந்துட்டா வாசலைச் சாத்திடுவாங்க. மறுநாள் பொழுது சாயுற வரைக்கும் யாருக்கும் திறக்க மாட்டாங்க.

அக்சாளோட அப்பா ஒட்டகம் ஓட்டிக்கிட்டு எகிப்துக்குப் போனவரு. போய் அஞ்சாறு வருஷம். "ஓய்வுநாளுக்கு முன்னாடி வந்துடுவேன்"னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தாரு. இவ ஒன்பதாம் மணியில இருந்தே வாசல்ல நிக்கிறா. அப்பா, அப்பான்னு மனசு அடிச்சுக்குது.

அப்போ மினுக்குனு ஒண்ணு. காவக்காரர், "ஒண்ணு!"ன்னாரு.

"மாமா, அது மலையில இடையன் மூட்டுன தீ!"

அப்புறம் மினுக்கு. "ரெண்டு!"

"மாமா, அது மின்மினி!"

அப்புறம் மூணாவது. கதவு கிறீ...ச், டமார்!

"ம்..."

சாத்துன கொஞ்ச நேரத்துல கிணிங் கிணிங்னு ஒட்டக மணி. "கதவைத் திறங்க! ஓய்வுநாள் நாளைக்குத்தானே?"

"பொழுது சாஞ்சா நாள் மாறிடும்யா, மறந்துட்டியா?"ன்னாரு காவக்காரர். எகிப்துல விடிஞ்சாத்தான் புது நாள். அங்கேயே இருந்து இருந்து, அந்தக் கணக்கு அப்பாவுக்குப் பழகிப்போச்சு. பாவம், வழியில ஆற அமர ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டிட்டு வந்திருக்காரு.

அப்போ இவ கதவுல வாயை வச்சு, "அப்பா, நான் இங்கதான் இருக்கேன்"னா.

வெளிய இருந்து அவரு, "யாரும்மா நீ?"ன்னு கேட்டாரு.

"அக்சாள்பா."

"அக்சாளுக்குப் பேச்சு வந்துடுச்சா?"ன்னாரு. அவ்வளவுதான், பொல பொலன்னு அழுதுட்டாரு. அவர் போறப்போ அவ தவழ்ந்துக்கிட்டுல்ல இருந்தா!

"அப்புறம்... திறந்தாங்களா?"

மறுநாள் பொழுது சாஞ்சுதான் திறந்தாங்க. அது வரைக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் இவ. "இன்னும் பேசும்மா, இன்னும் பேசும்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

ஊரும் அடங்கியாச்சு, கதையும் அடங்கியாச்சு, நீயும் கண்ணை மூடு.